உளவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள்: பட்டம் கிடைத்ததும் கதவு திறந்துவிடுமா?

கோலாலம்பூர் – எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள இந்தியக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன படிப்பது? முன்பெல்லாம் இதற்குப் பதில் சுருக்கமாக இருந்தது. டாக்டர், வழக்கறிஞர், ஆசிரியர், பொறியியலாளர். அண்மைய ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. அதுதான் உளவியல்; பிள்ளைகளின் பேச்சில் 'சைக்காலஜி'.

"சைக்காலஜியா? அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டும் அப்பாவும், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மாவும் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. பி.டி.பி.டி.என். கடன் ஒரு பக்கம், இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து எடுக்கும் பணம் இன்னொரு பக்கம். குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு ஒரு விண்ணப்பப் பாரத்தில் போய் முடிகிறது. பாரத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சில உண்மைகள் இந்தத் துறையில் உண்டு. அவை பல்கலைக்கழகங்களின் வண்ண விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பதில்லை.

ஏன் இந்த ஆர்வம்?

பிள்ளைகளின் ஆர்வத்துக்குக் காரணம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019-ஆம் ஆண்டில் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வுப் பாதிப்பு 2023-இல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 10 லட்சம் பேர். 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் 2022-இல் நடத்தப்பட்ட ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன.

சட்டமும் மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க வழிசெய்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு நீக்கப்பட்டு, அந்த மாற்றம் 2023 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவருக்கு வேண்டியது போலீஸ் லாக்கப் அல்ல, சிகிச்சைதான் என்பதை நாடே ஒப்புக்கொண்ட நாள் அது. 2024 ஜூலையில் இணையப் பகடிவதைக்கு ஆளான ஓர் இந்திய இளம்பெண் கோலாலம்பூரில் உயிரிழந்த சம்பவம் சமுதாயத்தையே உலுக்கியது. பகடிவதைக்கு எதிரான புதிய சட்டப் பிரிவுகள் அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குள்ளேயே மாணவி ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தபோது, பள்ளிகளில் ஆலோசகர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா என்ற கேள்வி மீண்டும் பரவலாக எழுந்தது.

இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்து வளரும் பிள்ளை, "நான் சைக்காலஜி படித்து மற்றவர்களுக்கு உதவப் போகிறேன்" என்று சொன்னால் அது வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உதவும் எண்ணம் வேறு, உதவுவதற்குச் சட்டம் கேட்கும் தகுதி வேறு.

நான்கு பெயர்கள், நான்கு பாதைகள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர், உளவியல் பட்டதாரி ஆகிய நால்வரையும் பலர் ஒரே ஆளாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலாமவர் மனநல மருத்துவர், 'சைக்கியாட்ரிஸ்ட்'. இவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று டாக்டராகி, பிறகு மனநலத்தில் சிறப்புப் பயிற்சி எடுத்தவர். மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இவருக்கு உண்டு. உளவியல் பட்டம் வழியாக இந்த இடத்துக்கு வர முடியாது. மருத்துவம் படித்தே ஆக வேண்டும்.

இரண்டாமவர் மருத்துவ உளவியலாளர், 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'. சோதனைகள் வழி பாதிப்பைக் கண்டறிந்து, பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். 2016-ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774, பட்டியலிட்டுள்ள 23 தொழில்களில் இதுவும் ஒன்று. இதற்கு இளங்கலைப் பட்டம் போதாது. மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும். அந்த முதுகலையில் மருத்துவமனைகளிலும் மையங்களிலும் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சியும் அடங்கும். யூ.கே.எம்., ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களிலேயே இந்தப் படிப்பு உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் எடுக்கப்படும் மாணவர்களும் குறைவு. எனவே இளங்கலையில் நல்ல புள்ளிகள் இல்லாதவருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது.

மூன்றாமவர் ஆலோசகர், 'கவுன்சலர்'. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், சட்டம் 580, இவரைக் கட்டுப்படுத்துகிறது. ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருப்பவரே தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவரின் பெயருக்குப் பின்னால் 'கே.பி.', 'பி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். முதலாவது 'கவுன்சலர் பெர்டாஃப்தார்', அதாவது பதிவுபெற்ற ஆலோசகர். இரண்டாவது 'பெராக்குவான் அமாலான்', அதாவது தொழில் சான்றிதழ். இந்த பி.ஏ.வைக் கலைத்துறைப் பட்டமான பி.ஏ. என்று எண்ணிவிடக் கூடாது. பதிவுக்கு வாரியம் அங்கீகரித்த ஆலோசனைத் துறைப் பட்டமோ முதுகலையோ தேவை. பொதுவான உளவியல் பட்டத்தை மட்டும் கொண்டு போனால் வாரியம் ஏற்காது.

நான்காமவர்தான் உளவியல் பட்டதாரி. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் வாங்கியவர். மனம் எப்படி இயங்குகிறது என்ற அறிவியல் அடிப்படை இவரிடம் உண்டு. ஆனால் சிகிச்சை அளிக்கும் உரிமம் இவரிடம் இல்லை.

பட்டமளிப்பு விழாவில் மாலை போட்டுப் படம் எடுத்த பிறகு, "இனி கிளினிக் வைக்கலாம்தானே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதுதான் பல பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு உறைக்கிறது. அதற்குள் கடன் தொகை ஏறியிருக்கும்.

எங்கே படிப்பது, எவ்வளவு செலவு?

நாட்டில் உளவியல் துறையை முதலில் தொடங்கியது யூ.கே.எம். பல்கலைக்கழகம், ஆண்டு 1979. பாங்கியில் இன்றும் அந்தத் துறை இயங்குகிறது. கோத்தா கினபாலுவில் யூ.எம்.எஸ். பல்கலைக்கழகமும் உளவியல் படிப்பை வழங்குகிறது. ஆலோசகராகவே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மாணவர் மலாயாப் பல்கலைக்கழகம், யூ.யூ.எம்., யூ.எம்.டி., யூனிமாஸ் ஆகியவற்றின் ஆலோசனைத் துறைப் பட்டங்களைப் பார்க்கலாம். உளவியல் பட்டம் பெற்றுப் பிறகு முதுகலைக்குப் போவதைவிட இது குறுகிய பாதை. செலவும் குறைவு.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. வழி இடம் கிடைத்தால் மொத்தக் கட்டணமும் சில ஆயிரம் ரிங்கிட்டில் அடங்கிவிடும். அதே பல்கலைக்கழகம் தன் சொந்த நேரடி வழியில் சேர்க்கும் இடங்களுக்குக் கட்டணம் பல மடங்கு கூடுதல் என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். கடிதத்தில் இருப்பது ஒரே பல்கலைக்கழகத்தின் பெயராக இருந்தாலும், எந்த வழியில் வந்த கடிதம் என்று பார்ப்பது முக்கியம்.

யூ.பி.யூ. மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளிகளுக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் போகிறது. போட்டி கடுமையாக உள்ள படிப்புகளில் இந்தப் பத்தே இடத்தை முடிவு செய்துவிடும். பள்ளியில் சீருடை இயக்கமும் விளையாட்டும் வீண் வேலை என்று நினைக்கும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

தனியார் பக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாய்ப்புகள் நிறைய. சன்வே, டெய்லர்ஸ், ஹெல்ப், மோனாஷ், செமினியிலுள்ள நோட்டிங்ஹாம் என்று பட்டியல் நீளும். பேராக் கம்பாரில் உள்ள யூ.டி.ஏ.ஆர். பல்கலைக்கழகம் கட்டணத்தில் சற்றுக் கைக்கு எட்டும் என்பதால் பலரும் அங்கே போகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான ஓ.யூ.எம். உண்டு. தனியார் கட்டணம் பல பத்தாயிரம் ரிங்கிட் வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளில் அது ஒரு லட்சத்தைத் தாண்டும். பி.டி.பி.டி.என். கடன் இதை முழுமையாக ஈடுகட்டாது. மிச்சத்தை யார் கட்டுவது என்று சேருவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. மோனாஷின் உளவியல் படிப்பு ஆஸ்திரேலிய உளவியல் அங்கீகார மன்றத்தின் தரத்தையும், நோட்டிங்ஹாமின் படிப்பு பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரத்தையும் பெற்றவை. அந்த நாடுகளில் மேற்படிப்பு தொடர எண்ணுவோருக்கு இது கைகொடுக்கும். ஆனால் மலேசியாவிலேயே வேலை பார்க்கப் போகிறவருக்கு அந்த முத்திரை இங்குள்ள பதிவைத் தானாக வாங்கித் தராது. அதற்காக இரட்டிப்புக் கட்டணம் கட்டுவது தேவையா என்று யோசிக்க வேண்டும்.

போக்குவரத்தும் ஒரு செலவுதான். கிள்ளானிலிருந்து கே.டி.எம். கொமுட்டரில் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்கினால் அங்கிருந்து பி.ஆர்.டி. பஸ் சன்வே, மோனாஷ் வளாகங்களின் வாசலுக்கே போகிறது. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குப் பக்கத்திலுள்ள கே.எல். செண்ட்ரலில் சிரம்பான் தட ரயில் பிடித்தால் யூ.கே.எம். நிலையத்தில் இறங்கலாம். செமினிக்கு ரயில் இல்லை. வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். மூன்று ஆண்டுகளில் அது சிறிய தொகையாக இருக்காது.

வகுப்பறையில் காத்திருப்பது என்ன?

"நான் நல்லாக் கேட்பேன், நண்பர்கள் எல்லாம் என்கிட்டதான் பிரச்சினையைச் சொல்வாங்க. அதனால் சைக்காலஜி எனக்குச் சரியா வரும்" என்று பல பிள்ளைகள் சொல்வது வழக்கம். அது நல்ல குணம்தான். ஆனால் முதலாம் ஆண்டிலேயே அவர்களை வரவேற்பது புள்ளியியல். ஆய்வு முறை, தரவுகளைக் கணினியில் பகுத்தல், மூளையின் அமைப்பு, நரம்பு மண்டலம் ஆகியவையும் சேர்ந்தே வரும். இறுதியாண்டில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும்.

கணிதத்தைக் கண்டு ஓடி வந்து உளவியலில் ஒதுங்கியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் பாட நூல்களும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மலாயும் நன்றாக வர வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்த மாணவருக்கு மூன்று மொழிகளும் கைவசம் இருப்பது பின்னாளில் பெரிய பலம். ஆனால் முதல் இரண்டு பருவங்களில் அதுவே சுமையாகத் தெரியலாம். எஸ்.பி.எம்.மில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டவருக்கு இந்தச் சுமை குறையும்.

பட்டத்தோடு நின்றால் என்ன வேலை?

எல்லாரும் முதுகலைக்குப் போவதில்லை. போக முடிவதும் இல்லை. பட்டத்தோடு நிற்பவருக்கும் வேலை இல்லாமல் இல்லை. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, ஆள் தேர்வு, பணியாளர் பயிற்சி, சந்தை ஆய்வு ஆகியவற்றில் உளவியல் பட்டதாரிகள் அமர்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான மையங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகி வருவதால் அங்கும் ஆள் தேவை. அரசு சாரா இயக்கங்களிலும் வாய்ப்புண்டு. ஆனால் இந்த இடங்களில் உளவியல் பட்டதாரியோடு வணிகம், தொடர்புத்துறை, கல்வியியல் படித்தவர்களும் போட்டி போடுகிறார்கள். 'சைக்காலஜி' என்ற பெயருக்காக மட்டும் சம்பளம் உயர்ந்துவிடாது.

அரசாங்கத் துறையில் 'பெகாவாய் சைக்கோலோகி' எனப்படும் உளவியல் அதிகாரி பதவி உண்டு. உளவியல் அல்லது ஆலோசனைத் துறைப் பட்டதாரிகள் எஸ்.பி.ஏ. எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தின் வழி இதற்கு விண்ணப்பிக்கலாம். காலியிடங்கள் எப்போதாவதுதான் வரும் என்பதால், பட்டம் வாங்கிய உடனே எஸ்.பி.ஏ. அகப்பக்கத்தில் பதிந்து வைப்பது புத்திசாலித்தனம். பள்ளி ஆலோசக ஆசிரியர் ஆவதற்குக் கல்வியியல் வழியில் தனிப் பாதை இருக்கிறது. உளவியல் பட்டத்தைக் காட்டி மட்டும் பள்ளிக்குள் ஆசிரியராக நுழைந்துவிட முடியாது.

தமிழில் பேச யார் இருக்கிறார்கள்?

இந்த விவகாரத்தை வேலைவாய்ப்புக் கணக்கோடு மட்டும் முடித்துவிட முடியாது. மனம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி பேசுவது தோட்டத்திலும் பட்டணத்திலும் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம். 1911-இல் தொடங்கப்பட்ட அந்தப் பேராக் மருத்துவமனை இன்று ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா என்ற பெயரில் சிகிச்சை அளித்துக்கொண்டிருக்கிறது. பெயர் மாறியும் கேலி மாறவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனையோ பேர் மருத்துவமனைப் பக்கம் போகாமல் கோயிலுக்கும் சாமியாடிக்கும் அலைந்துவிட்டு, முற்றிய நிலையில் வருகிறார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் மாறிய குடும்பங்களில் குடிப்பழக்கம், குடும்ப வன்முறை, பிள்ளைகளின் கும்பல் சேர்க்கை எனப் பல சிக்கல்கள் உண்டு. இவற்றைப் பற்றி ஒரு அம்மா மனம் திறக்க வேண்டுமானால் அது தமிழில்தான் நடக்கும். "நெஞ்சு அடைக்குது", "மனசு கிடந்து அடிச்சுக்குது" என்று அவர் சொல்வதை மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றும்போதே பாதி போய்விடுகிறது. மகளையோ மருமகளையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எந்தப் பெண் தன் கணவனைப் பற்றிப் பேசுவார்?

தமிழில் மனப்பாரத்தைக் கேட்பதற்கென்றே சினேகம் மலேசியா போன்ற தன்னார்வ அமைப்புகள் இயங்குவது இந்தத் தேவைக்குச் சாட்சி. ஆனால் தன்னார்வலர்கள் ஆறுதல் சொல்லலாம். சிகிச்சை அளிக்க வேண்டியவர்கள் பதிவுபெற்ற ஆலோசகர்களும் மருத்துவ உளவியலாளர்களும்தான். அந்த இரு பதிவேடுகளிலும் தமிழ் பேசுபவர்கள் கூடினால்தான் பாதிக்கப்பட்டவருக்கு வழி பிறக்கும். உளவியலை இளங்கலையோடு முடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் அந்தப் பதிவேட்டில் விழும் ஒரு வெற்றிடம். அவர்களில் பலரைத் தடுப்பது முதுகலைக்கான பணம்தான்.

சமுதாயத்தில் கல்வி நிதி திரட்டும் அமைப்புகள் பெரும்பாலும் முதல் பட்டத்துக்கே கை கொடுக்கின்றன. ஆலயங்கள், சங்கங்கள், முன்னாள் மாணவர் இயக்கங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரை மருத்துவ உளவியல் அல்லது ஆலோசனைத் துறை முதுகலைக்கு அனுப்பி வைத்தாலும், பத்தாண்டுகளில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும். படித்து முடித்தவர் வாரத்தில் ஒரு நாள் ஆலய மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ தமிழில் சேவை வழங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த உதவியைக் கொடுக்கலாம்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

கல்விக் கண்காட்சியில் முகப்பில் நிற்பவர் தரும் பையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு வருவதற்கு முன், பெற்றோரும் பிள்ளையும் ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

1. இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? அதன் அகப்பக்கத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

2. படிப்பின் பெயர் 'உளவியல்' என்றிருக்கிறதா, 'ஆலோசனைத் துறை' என்றிருக்கிறதா? ஆலோசனைத் துறை என்றால், ஆலோசகர் வாரியம் அதை அங்கீகரித்திருக்கிறதா?

3. இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் மருத்துவ உளவியல் முதுகலைக்குப் போயிருக்கிறார்கள், எங்கே?

4. இறுதியாண்டில் தொழிற்பயிற்சி உண்டா? இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்து தருமா, மாணவரே தேட வேண்டுமா?

5. முதல் ஆண்டுக் கட்டணம் இருக்கட்டும்; எல்லா ஆண்டுக்கும் சேர்த்து, பதிவு, தேர்வு, ஆய்வகக் கட்டணங்கள் உட்பட மொத்தம் எவ்வளவு? அதை எழுதித் தருவார்களா?

மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் அவசரப்பட்டு முன்பணம் கட்ட வேண்டியதில்லை.

பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது. "என்ன வேலை கிடைக்கும்?" என்பதோடு நிறுத்தாமல், "கடைசியில் எந்தப் பதிவேட்டில் உன் பெயர் வரணும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஆலோசகர் வாரியம் என்று சொன்னால் பாதை ஒன்று. மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், ஐந்தாறு ஆண்டுகளுக்கும் முதுகலைச் செலவுக்கும் குடும்பம் இப்போதே தயாராக வேண்டும். எதுவும் வேண்டாம், மனிதவளத் துறையில் வேலை போதும் என்றால், கட்டணம் குறைந்த பல்கலைக்கழகமே போதும். மூன்றில் எதுவும் தவறில்லை. எது என்று தெரியாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதுதான் தவறு.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே மனம் விட்டுப் பேச வேண்டியிருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணிலும், 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.